மனநல உரிமம்: வாசலில் மட்டும் காவல்

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்த ஒருவர் அடுத்த மாதமே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, 'கவுன்சலர்' என்று பலகை மாட்டி, தற்கொலை எண்ணத்தோடு வரும் இளைஞரிடம் பேசத் தொடங்கலாம். நடைமுறையில் அவரைத் தடுப்பார் யாருமில்லை. அதே பலகையில் 'மருத்துவ உளவியலாளர்' என்று எழுதினால் சட்டம் குறுக்கே வரும். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி, மன்றத்தின் மையப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உதவி தேடி வருகிறவரின் துயரம் இரண்டு அறைகளிலும் ஒன்றுதான். நம் உரிம முறையின் அடிப்படைக் கோளாறு இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது.

முதலில் அதன் வலிமையைச் சொல்லிவிட வேண்டும். மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு மறுவாழ்வு மன்றம் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்த வழி, முதுகலைக்குப் பின் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கும்போது, மேற்பார்வையில் பெற்ற மருத்துவப் பயிற்சியையே முன்வைக்கிறது. அந்த இரண்டாண்டும் வகுப்பறையில் கழிவதில்லை. மாணவர் வார்டில் நோயாளியைப் பார்க்கிறார், அவர் வரலாற்றை எழுதுகிறார், சோதனைகள் செய்கிறார், சிகிச்சை தருகிறார். ஒவ்வொன்றையும் மூத்தவர் ஒருவர் முன் வைத்து விளக்கம் சொல்கிறார். தவறான கேள்வியைத் தவறான நேரத்தில் கேட்டதும், நோயாளி அழுதபோது அவசரமாக ஆறுதல் சொல்லி அவர் வாயை அடைத்ததும் அப்போதுதான் தெரியவரும். புத்தகம் படித்து இதைக் கற்க முடியாது.

கட்டுப்பாடே வேண்டாம், மனமிருந்தால் போதும் என்பவர்களுக்கு ஏர்வாடியை நினைவூட்ட வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். கேட்பாரற்ற இடத்தில் மனநோயாளியின் நிலை என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு அறியும்.

ஆனால் அந்த எம்.ஃபில். வாசல் மிகக் குறுகலானது. ஒரு நிறுவனத்துக்குச் சில இடங்கள்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தால் உதவித்தொகையோடு படிக்கலாம். கிடைக்காதவர் தனியார் நிறுவனத்துக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு நோய் வேறுபட்டாலும், தேவைப்படுவோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறவில்லை என்று கண்டது. இத்தனை பேர் வெளியே காத்திருக்கையில், தேர்ந்த சிலரை மட்டும் உள்ளே விட்டு மற்ற பட்டதாரிகளைக் கண்காணிப்பே இல்லாத சந்தையில் விட்டுவிடுவது தரத்தைக் காப்பதாகாது. தரம் குறித்த கவலையை ஒரு சிறு வட்டத்துக்குள் அடைத்துவைப்பதுதான் அது.

கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சகாக்களும் நடத்திய ஆய்வுகள் இங்கே முக்கியமானவை. மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆலோசனை வழங்க வைத்தார்கள். 2010இலும் 2017இலும் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நோயாளிகள் கணிசமாகத் தேறினர். முதல் ஆய்வில் தனியார் மருத்துவர்களிடம் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. பட்டமே தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பிந்தைய ஆய்வில் அந்த ஆலோசகர்களின் அமர்வுகள் பதிவு செய்யப்பட்டன, கூடிக் கேட்கப்பட்டன, மதிப்பிடப்பட்டன. நம் எம்.எஸ்சி. பட்டதாரிக்குக் கிடைக்காதது அந்தப் பாடம் படிக்காதவர்களுக்குக் கிடைத்தது.

இப்போது எல்லாம் மாறிக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபிலை நிறுத்தியது, பின்னர் மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை விலக்களித்தது. இணை மற்றும் உடல்நலப் பணியாளர்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம் உளவியலாளர், ஆலோசகர், மனநல சமூகப் பணியாளர் என்று நீண்ட பட்டியலை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. மருத்துவ உளவியலாளர் மட்டும் மறுவாழ்வு மன்றத்திடமே இருக்கிறார். 2025இல் உளவியலைத் தொலைநிலைக் கல்வியில் நடத்தவும் தடை வந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்த பெண்கள் பலருக்கு இது இழப்பு. அதை மறுக்க முடியாது. ஆனாலும் ஒரு நோயாளியைக்கூடப் பாராமல் முதுகலை முடிக்கும் வழி அடைபட்டது சரி என்றே கருதுகிறேன்.

எனக்குக் கவலை தருவது, அந்த 2021ஆம் ஆண்டுச் சட்டம் இடம்கொடுக்கும் பொதுவான உரிமத் தேர்வு. தேர்வு நடத்துவது எளிது, மேற்பார்வையாளரை உருவாக்குவது கடினம். அரசுகள் எளியதையே தேர்ந்தெடுக்கும். அமெரிக்காவில் சமூகப் பணி வாரியங்களின் சங்கம் தானே 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, 2018 முதல் 2021 வரை மருத்துவ சமூகப் பணிக்கான தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறிய வெள்ளையர் ஏறத்தாழ 84 விழுக்காடு, கறுப்பினத்தவர் 45 விழுக்காடு. இங்கே அத்தகைய தேர்வு ஆங்கிலத்தில் வந்தால், திருநெல்வேலியில் தமிழ்வழியில் படித்து, அங்குள்ள நோயாளியின் பேச்சை அதன் அத்தனை சுழிப்புகளோடும் புரிந்துகொள்ளக்கூடியவர்தான் முதலில் வடிகட்டப்படுவார்.

அமெரிக்காவிலிருந்தே எடுத்துக்கொள்ளத்தக்கதும் உண்டு. கலிபோர்னியாவில் பட்டம் முடித்தவர் முதலில் பயிற்சிநிலைப் பதிவு பெறுகிறார். மேற்பார்வையில் 3,000 மணிநேரம் பணிசெய்த பிறகே முழு உரிமம். இடைப்பட்ட காலத்திலும் அவர் நோயாளிகளைப் பார்க்கிறார். யாருடைய பொறுப்பில் பார்க்கிறார் என்பது பதிவில் இருக்கிறது. அங்கும் குறை உண்டு. குறைந்த சம்பளத்தில் ஆண்டுக்கணக்காக உழைப்பவர்களும், மேற்பார்வைக்குத் தாங்களே பணம் கட்டுபவர்களும் அதில் இருக்கிறார்கள். வீட்டில் வசதி இல்லாதவருக்கு அது இன்னொரு நுழைவுக் கட்டணம்.

ஆகவே இங்கு அப்படியொரு இடைநிலை உரிமம் வருமானால், மேற்பார்வையின் செலவை அரசு ஏற்க வேண்டும். அதற்கு இடமும் இருக்கிறது: மாவட்ட மனநலத் திட்டம். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் புதியவர்களின் அமர்வுகளைக் கேட்டுத் திருத்துவதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒரு மூத்த உளவியலாளர் பணியிடமும், அவரிடம் பயில்பவர்களுக்கு மாத உதவித்தொகையும் ஒதுக்கினால், 'கவுன்சலர்' பலகை மாட்டக் காத்திருக்கும் பட்டதாரிக்குப் போக ஓர் இடம் கிடைக்கும். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் மாநில மன்றங்கள் தேர்வுத் தாளை அச்சிடும் முன் இந்தப் பணியிடங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.