ஓடும் திரவத்தில் ஒரு தேர்வு

மருந்து சுமக்கும் நானோ துகள்களுக்கு முதல் தேர்வு பெரும்பாலும் பிளாஸ்டிக் தட்டில்தான் நடக்கிறது. அடியில் செல்கள் படர்ந்திருக்கும். மேலே நிற்கும் ஊட்டத் திரவத்தில் துகள்களைக் கலந்து, சில மணி நேரம் கழித்து எவ்வளவு உள்ளே போயிற்று என்று பார்ப்பார்கள். இந்த முறையின் ஓட்டையை 2011-இல் யூனான் சியாவின் குழு வெளிச்சம் போட்டுக் காட்டியது. செல்களை வழக்கம்போல் அடியிலும், பிறகு தலைகீழாக மேலேயும் வைத்துத் தங்கத் துகள்களைக் கொடுத்தார்கள். வேகமாகப் படியும் துகள்கள் அடியிலிருந்த செல்களில்தான் கூடுதலாகச் சேர்ந்திருந்தன. செல் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கில் எழுதியதில் ஒரு பங்கு, புவியீர்ப்பு செய்த வேலை.

உடலில் ரத்தம் தேங்கி நிற்பதில்லை. நுண்பாய்மச் சில்லின் பலம் இங்கேதான் இருக்கிறது. தலைமுடி அளவுக் கால்வாய்களில் செல்களை வளர்த்து, திரவத்தை இடைவிடாமல் ஓடவிடலாம். ஓட்டத்தின் வேகத்தையும் அது செல்களை உரசும் விசையையும் கூட்டிக் குறைக்கலாம்.

2010-இல் ஹார்வர்டின் வைஸ் நிறுவனத்தில் டான் ஹூவும் டொனால்ட் இங்பரும் உருவாக்கிய நுரையீரல் சில்லு இன்னும் ஒரு படி மேலே போனது. மெல்லிய சிலிக்கோன் சவ்வின் ஒரு பக்கம் நுரையீரல் செல்கள், மறுபக்கம் ரத்தநாளச் செல்கள். வெற்றிடத்தால் சவ்வை இழுத்து மூச்சுவிடுவதைப்போல் அசைத்தபோது, செல்கள் உள்ளிழுத்த நானோ துகள்களின் அளவு பல மடங்கு கூடியது. அசையாத தட்டில் இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. 2013-இல் டொரண்டோவில் வாரன் சானின் குழு, கட்டி செல் உருண்டை ஒன்றைக் கால்வாயில் வைத்து, துகள்கள் நுழைவதை நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்தது. விட்டம் 110 நானோமீட்டரைத் தாண்டினால் செல் இடைவெளிகளுக்குள் அவை சேர்வது தடைபட்டது.

குறைகளும் சின்னவை அல்ல.

பல சில்லுகள் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரால் ஆனவை. கண்ணாடிபோல் தெளிவானது, ஆக்சிஜனை ஊடுருவ விடுவது, வார்ப்பதற்கு எளியது. ஆனால் எண்ணெய்த்தன்மையுள்ள சிறு மூலக்கூறுகளை அது உறிஞ்சிவிடும் என்பதை டோப்கேவும் பீபியும் 2006-இலேயே எழுதிவிட்டார்கள். துகளிலிருந்து கசியும் மருந்தைச் சுவர் குடித்துவிட்டால், நச்சுள்ள மருந்தும் சாதுவாகத் தோன்றும். குழாயில் ஒரு காற்றுக்குமிழி நுழைந்தாலோ, செல்களைப் பெயர்த்துக்கொண்டு போய் அன்றைய சோதனையையே கெடுத்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல், சில்லு பயணத்தின் கடைசி அடியை மட்டுமே பார்க்கிறது என்பது. வில்ஹெல்ம், சான் முதலியோர் 2016-இல் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்றடைந்த அளவின் இடைநிலை மதிப்பு 0.7 சதவீதம்தான். எஞ்சியவற்றில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் வழியிலேயே பிடித்துவிடுகின்றன. ஒரே கால்வாயில் அந்த இரண்டும் இல்லை. ரத்தத்தில் துகளின்மேல் படியும் புரதப் போர்வையும், கன்றுக்குட்டிச் சீரம் கலந்த ஊட்டத் திரவத்தில் வேறாகிவிடுகிறது.

இத்தனை குறைகள் இருந்தும், அமெரிக்காவில் 2022 டிசம்பரிலும் இந்தியாவில் 2023-இலும் சட்டமும் விதிகளும் மருந்துச் சோதனையில் இத்தகைய சில்லுகளுக்குக் கதவு திறந்துவிட்டன. அதே 2022-இல் எமுலேட் நிறுவனம் 870 கல்லீரல் சில்லுகளில் 27 மருந்துகளைச் சோதித்து, நச்சுள்ளவற்றில் 87 சதவீதத்தைச் சரியாகக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. நல்ல மதிப்பெண்தான். ஆனால் அது சில்லைத் தயாரித்தவர்களே முன்நின்று நடத்திய தேர்வு. அதில் உட்கார்ந்தவையும் வழக்கமான மருந்து மூலக்கூறுகள், சுமக்கும் துகள்கள் அல்ல.

ஆகவே பல துகள் வடிவங்களில் எது செல்லுக்குள் நன்றாக நுழைகிறது, ஏன் நுழைகிறது என்று வரிசைப்படுத்தச் சில்லு தட்டைவிடத் தகுதியானது. நோயாளிக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்ல அதற்குத் தகுதியில்லை. செல்கள் இல்லாத வெறும் சில்லில் அதே துகள்களை ஓட்டி, சுவரிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டது எவ்வளவு என்ற கணக்கை ஒவ்வொரு ஆய்வறிக்கையும் முதல் அட்டவணையிலேயே தரவேண்டும். ஆய்விதழ்கள் அதைக் கேட்டு வாங்கவேண்டும்.