பட்டைப்பொடிக் கோலம்

கங்கைகொண்டான் பக்கமிருந்து போர்ச்சுகலுக்குப் புறப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது சோற்றைப் பற்றித்தான். கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் கைப்பேசியே வழிகாட்டிவிடும். ஐரோப்பாவில் ஆளுக்கு அதிகம் அரிசி உண்பவர்கள் போர்ச்சுக்கீசியர்கள் என்பதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. தாமிரபரணி நெல்லைத் தின்று வளர்ந்தவர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி எது?

அங்கே மொந்தேகு, தேஜு ஆற்றுப் படுகைகளில் விளையும் ‘கரோலினோ’ அரிசி நம் அம்பை 16 போலவே பருமன். வேகும்போது சாற்றையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, கொஞ்சம் பசையை வெளியே விடும். தக்காளிச் சோறோ, இறால் சோறோ, நல்ல கடையில் அது தட்டில் தானாகப் பரவும். அந்தத் தளர்ந்த பதத்துக்கு ‘மலன்ட்ரீன்யு’ என்று பெயர். வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள், படம் பிடித்துக்கொண்டிருந்தால் இறுகிவிடும். சைவர்கள் காய்ச்சோறு கேட்டாலும், வெந்தது இறைச்சிச் சாற்றிலா என்று விசாரிக்க வேண்டும். முழு அளவு இருவருக்குக் காணும். ‘மேயா தோஸ்’ என்றால் பாதி தருவார்கள். உட்கார்ந்ததும் கேளாமலே வரும் ரொட்டிக்கும் ஆலிவ் காய்க்கும் காசு உண்டு. தொடாமல் விட்டால் தர வேண்டியதில்லை.

கடைசியில் ‘அரோஷ் தோஸ்’ கேளுங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். எலுமிச்சைத் தோலோடு வெந்த சோற்றில் பாலும் சர்க்கரையும், பல வீடுகளில் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்து, அகன்ற தட்டில் ஊற்றுகிறார்கள். மேலே ஏடு படியும் நேரத்தில் பட்டைப்பொடியை இரு விரலால் கிள்ளி எடுத்துக் கோடு இழுக்கிறார்கள். கட்டங்கள், இதயம், சில நேரம் யாருக்காகச் செய்தார்களோ அவர் பெயரின் முதலெழுத்து. நம் வாசலில் கோலம் விழுகிற அதே விரல்பதம்: இறுக்கினால் கோடு அறும், தளர்த்தினால் பொடி கொட்டிவிடும். ஏடு ஈரமாயிருந்த இடத்தில் பழுப்பு கறுத்திருக்கும். பொடி தாமதித்து விழுந்த இடத்தில் இளம்பழுப்பாகவே நிற்கும். கோடு தொடங்குமிடம் தடித்து, முடியுமிடம் மெலிந்திருக்கும். கூர்ந்து பார்த்தால் போட்டவரின் கை எந்தப் பக்கமிருந்து வந்தது என்றுகூடத் தெரிந்துவிடும். எவ்வளவு அழகான கைவேலை!

இந்தப் பட்டை வாணிபத்துக்காகவே 1518-இல் அவர்கள் கொழும்பில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். கங்கைகொண்டானைக் கடக்கும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. அந்தப் புன்னைக்காயலிலும் அவர்கள் இருந்தார்கள். தமிழுக்கு இலக்கணம் எழுதிய போர்ச்சுக்கீசியர் அன்றிக் அடிகளார் 1600-இல் அங்கேதான் இறந்தார். பட்டைப்பொடிக் கோலத்தைப் பார்க்கும்போது நம் கரையும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

சின்னக் கிண்ணங்களில் விற்பதில் பெரும்பாலும் பொடியைத் தூவி மட்டும் விட்டிருப்பார்கள். கோலம் வேண்டுமென்றால் குடும்பமாக நடத்தும் ‘தாஷ்கா’ என்னும் சிறு உணவகங்களைத் தேடுங்கள். மதியம் பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். கூட்டம் வந்தபின் தட்டில் கரண்டி விழுந்திருக்கும்.