எழுத்தும் ஒலியும் பலபொருளொருசொல்லும்

ஆங்கிலம் எழுதியவாறு வாசிக்கப்படாத மொழி என்றும், தமிழோ எழுதியவாறே வாசிக்கப்படும் மொழி என்றும் நம் வகுப்பறைகளில் நெடுங்காலமாய்ச் சொல்லப்பட்டு வருகின்றது. மேடைகளில் இக்கூற்றுக்குக் கரகோசம் குறைவதில்லை. மொழிப்பற்றுடையார் வாயிலிருந்து வருதலின் அதனை ஆராயாது ஏற்றல் எளிது. எனினும் பற்று வேறு, ஆராய்ச்சி வேறு. இக்கூற்றிலே மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை ஓர் ஆங்கிலச் சொல்லைத் துணைக்கொண்டு ஈண்டு நோக்குவாம்.

பீ, ஓ, டபிள்யூ என்னும் மூன்றெழுத்தான் இயன்ற சொல் அது. அம்பெய்யும் வில்லுக்கு அது பெயர். வயலின் வாசிப்போன் கையிலுள்ள வில்லுக்கும், நாடாவை வளைத்து இடும் அழகு முடிச்சுக்கும் அதுவே பெயர். தலைதாழ்த்தி வணங்குதலையும் அது குறிக்கும். கப்பலின் முற்பகுதியும் அச்சொல்லாற் சொல்லப்படும். புளியங்கூடலிலும் அயலூர்களிலும் கடலோடு பழகிய வீட்டுப் பிள்ளைக்குக் கப்பலின் முற்பகுதி புதிய பொருளன்று. அதற்கு அணியம் என்னும் நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. ஆயின் அப்பிள்ளை ஆங்கிலப் பாடத்தில் இச்சொல்லைக் கண்டதும் திகைக்கின்றது. வில்லாயின் ஓகாரம் ஏற்றி ஒலித்தல் வேண்டும்; வணக்கமாயினும் அணியமாயினும் ஔகாரம் ஏற்றி ஒலித்தல் வேண்டும். எழுத்தைப் பார்த்து இதனை அறிய வழியில்லை.

இவ்வொலிகளைத் தமிழில் எழுதிக் காட்டலாமே எனின், அங்கும் ஓர் இடர்ப்பாடு. முதலொலியைப் 'போ' என்று எழுதினால் 'செல்' என்னும் ஏவலாக அன்றோ முடிகின்றது! மெல்ல ஒலிக்கும் அப்பகரத்துக்கு நம்மிடம் தனியெழுத்து இல்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்கு மீள்வாம்.

இச்சொல்லின் வரலாறு சுவையுடையது. பழைய ஆங்கிலத்தில் வில்லைக் குறித்த 'பொக' என்னும் பெயரும், வளைதலைக் குறித்த 'பூகன்' என்னும் வினையும் வெவ்வேறு வடிவினவாய் இருந்தன. நடுவிலிருந்த ககரம் தேய்ந்து வகரமாயிற்று. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், பிரெஞ்சு முறையிற் பயின்ற எழுத்தர்கள் ஊகார ஒலியை ஓ, டபிள்யூ என்னும் ஈரெழுத்துக் கூட்டத்தால் எழுதலாயினர். அக்கூட்டமே ஓகாரஞ் சார்ந்த வேறோர் ஒலிக்கும் வழங்கிற்று. ஆகவே இருவேறு சொற்கள் ஏட்டிலே ஒரே வடிவு பெற்றன. பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கிப் பதினேழாம் நூற்றாண்டு வரையில் ஆங்கில நெட்டுயிர்கள் எல்லாம் நிலைமாறின. அப்பொழுது பழைய ஊகாரம் ஔகாரமாயிற்று. இம்மாற்றம் நடந்துகொண்டிருக்கையிலேயே, 1476இல், காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சு எழுத்தைக் கட்டிப்போட்டது; ஒலியோ கட்டுக்கு அடங்காது சென்றது. அணியம் என்னும் பொருளுடைய சொல் இவற்றோடு பிறந்ததன்று. அது தோள் என்னும் பொருளுடையதாய், ஒல்லாந்தம் முதலிய வடகடல் மொழிகளிலிருந்து கடலோடிகள் வாயிலாக வந்து புகுந்தது. கப்பலின் தோள் எனக் கொள்க.

இனி, இதிலே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வில்லும் வணக்கமும் 'வளைதல்' என்னும் ஒருவேரிற் பிறந்த உடன்பிறப்புக்கள். அவை இன்று வெவ்வேறு ஒலியின. வணக்கமும் அணியமும் பிறப்பால் உறவில்லாதவை. அவை இன்று ஓரொலியின. உடன்பிறந்தாரைப் பிரித்து அயலாரைச் சேர்த்துவைத்தது ஒலி. மூவரையும் ஒரே உடையில் நிறுத்தியது எழுத்து. எனவே ஒலி வேறாயிற் சொல் வேறு, ஒலி ஒன்றாயிற் சொல் ஒன்று என்று கூறும் எளிய விதி இங்கே நில்லாது. ஆங்கில எழுத்துமுறையைப் பழிப்போர் எழுத்தை மட்டுமே பழிக்கின்றனர். ஒலியும் அத்துணை நம்பத்தக்க சான்றன்று என்பதை அவர் நோக்குவதில்லை.

ஆயின் ஆங்கிலேயர் இடர்ப்படுகின்றனரா? இல்லை. ஏன் என்பதற்கு விடை தேடி நாம் ஆங்கில இலக்கண நூலுக்குச் செல்லவேண்டியதில்லை. தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே பலபொருளொருசொல்லை இருவகைப்படுத்தினார்: வினையால் வேறுபடுவது ஒன்று, வேறுபடாதது மற்றொன்று. முன்னையது வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளியப்படும் என்றார். 'மா' என்னும் சொல்லைக் கொண்டு சேனாவரையர் இதனை விளக்குவர். பூத்தது என்றால் மரம். மருதமரத்தோடு சேர்த்துச் சொல்லப்படின் இனத்தால் மரம். கவசம் பூண்டு நிற்பவன் கொண்டுவா என்றால் சார்பாற் குதிரை. வீழ்ந்தது என்னும் வினையோ மரத்துக்கும் விலங்குக்கும் பொது. அங்கே சொல்வோன் இன்னதென வெளிப்படக் கிளத்தல் வேண்டும். சேனாவரையர் உரையை 1868இல் அச்சேற்றியவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை என்பது நாம் மகிழ்ந்து நினைக்கத்தக்கது. வில்லை வளைத்தான் எனவும், அவையை நோக்கி வணங்கினான் எனவும், அலை அணியத்தில் மோதிற்று எனவும் வரும் ஆங்கிலத் தொடர்களில் அம்மூன்றெழுத்துச் சொல்லைப் பிழையின்றி வாசிக்கும் ஆங்கிலச் சிறுவன் தொல்காப்பியர் கூறிய வினையையும் இனத்தையும் சார்பையுமே பயன்படுத்துகின்றான். அவன் முதலிற் பொருளை அறிகின்றான்; அறிந்தபின் ஒலிக்கின்றான். எழுத்திலிருந்து ஒலி, ஒலியிலிருந்து பொருள் என்னும் வரிசை தலைகீழாகின்றது.

இனித் தமிழுக்கு வருவாம். நாட்டிய அரங்கேற்றம் ஒன்றைக் கண்டு வந்தவர், 'ஆட்டத்தில் தாளம் உண்டு, பாவம் இல்லை' என்று எழுதுகின்றார். அதை எழுதியவாறே வாசித்தால், ஆடிய பெண் யாதொரு தீவினையும் செய்யாதவள் என்று பொருள்படும். மெய்ப்பாடு என்னும் பொருளுடைய பாவம் வேறு. தீவினை என்னும் பொருளுடைய பாவம் வேறு. முதலெழுத்தின் ஒலியும் வேறு. 'வீமன் கதையை எடுத்தான்' என்னும் தொடரைப் பார்க்க. கதைத்தல் என்றாற் பேசுதல் என வழங்கும் நம் நாட்டிலே, வீமன் பேச்சை எடுத்தான் என்று ஒரு பிள்ளை பொருள்கொண்டால் அதனைக் குறைகூறல் இயலாது. அவன் எடுத்தது படைக்கலம் என்பதைப் போர்க்களமாகிய சார்பே காட்டும். கணம் என்பது நொடிப்பொழுதுமாம். சிவபெருமானைச் சூழ்ந்த பூதகூட்டமுமாம். பலம் என்னும் சொல்லோ மும்மடி வல்லது. வைத்தியன் மருந்துச் சரக்கை நிறுத்த பலம், மல்லனது பலம், வினையின் பயனாகிய பலம் என மூன்றும் நம் ஏட்டில் ஒரே எழுத்தின. 'பலம் குறைந்தது' என்றால் மூன்றுக்கும் பொருந்தும். தொல்காப்பியர் கூறிய வினைவேறுபடாத வகைக்கு இதனினும் நல்ல உதாரணம் காண்டல் அரிது.

இவையெல்லாம் வடசொற்கள், தமிழ்மேற் குற்றமில்லை என்பர் ஒருசாரார். வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு புணர்ந்ததே வடசொல் என்பது தொல்காப்பியர் கருத்தாகலின், எல்லாவற்றையும் தமிழொலியாகவே வன்மையாக ஒலிக்க என்பர் அவர். கணபதி என்பதை வல்லொலியாகவே கூறும் நம் நாட்டு முதியோர் அந்நெறி நின்றவரே. அவ்விடை பாதி மெய். தமிழ்ச் சொற்களில் வல்லெழுத்து மெலிந்தொலிப்பது இடம்பற்றி வரும் மாற்றம். மொழி முதலில் ஒன்று, ஈருயிர்க்கு இடையில் ஒன்று, மெல்லெழுத்தின் பின் ஒன்று என விதியுண்டு. விதி உள்ளவிடத்துத் தனியெழுத்து வேண்டா. தமிழ் எழுதியவாறு வாசிக்கப்படும் என்னும் கூற்றின் மெய்ப்பகுதி இதுவே. அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் வந்தேறிய சொற்கள் நாடோறும் நம் வாயில் வழங்குகின்றன. வழங்கும் சொல்லைக் கணக்கில் எடாமல் மொழியைக் கணக்கிடல் தகுமா?

அன்றியும் தனித்தமிழ்ச் சொற்களிலும் இஃது இல்லாமலில்லை. காது, கட்டு முதலிய சொற்கள் குற்றியலுகரமாய் ஒலித்தாற் பெயராகவும், முற்றியலுகரமாய் ஒலித்தால் ஏவல்வினையாகவும் பொருள் வேறுபடும் என்று பழைய உரையாசிரியர் எழுதிவைத்தனர். காது செவி, காது என்று உகரம் நிறைந்து ஒலிப்பிற் 'கொல்' என்பது பொருள். செவிக்கும் கொலைக்கும் உறவில்லை. ஒரெழுத்துவடிவு, ஈரொலி, உறவற்ற இருபொருள்! ஆங்கிலச் சொல்லிடம் நாம் கண்ட வியப்பு இதிலும் உண்டு. குற்றியலுகரத்துக்குப் புள்ளியிடும் வழக்கமும் பண்டு இருந்தது. அது இருந்தகாலை இவ்விரண்டும் ஏட்டிலேயே வேறுபட்டிருக்கும். பின்னர் ஓலையிற் புள்ளியிடுதல் அருகிற்று. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபாடின்றி எழுதப்பட்டன. 'கொடு' என்பதையும் 'கோடு' என்பதையும் ஓலையில் ஒன்றாகவே கண்ட புலவர்கள் பொருள்நோக்கி வேறுபடுத்தி வாசித்தனர். வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வடிவவேறுபாடு செய்த பின்னரே இத்தொல்லை நீங்கிற்று. எழுதியவாறே வாசிக்கும் மொழியாகத் தமிழ் ஆதியிலிருந்தே தானாக அமைந்துவிடவில்லை. இடையிடையே ஒருவர் இருந்து செப்பஞ்செய்ய வேண்டியிருந்தது.

எழுத்துமாறிப் புகும் ஊர்ப்பெயர்களிலே இம்மயக்கம் இன்னும் மிகும். புளியங்கூடல் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதுவோர் ககரத்தின் பின் ஓ என்னும் எழுத்தை இரட்டித்தால் ஊர் பிழைத்துக்கொள்ளும். யூ என்னும் ஓரெழுத்தோடு நின்றாற் கூடல் குடலாகிவிடும். அயலிலுள்ள ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரைத் தமிழிற் கயிட்ஸ் என்பாரும் கைட்ஸ் என்பாரும் உளர். அது துறைமேடை என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது என்பர். அதற்கு இனமான ஆங்கிலச் சொல்லோ, கியூ முதலாக நான்கெழுத்தால் எழுதப்பட்டு, திறவுகோலின் பெயர்போல ஒலிக்கின்றது! ஊர்காவற்றுறை என்னும் தமிழ்ப்பெயரும் இடர் அற்றதன்று. பொலிசாரைக் காவல்துறை என்னும் தமிழகத்து நண்பர் ஒருவர் அதனைப் பிரித்து வாசிப்பாராயின் என்னென்று பொருள்கொள்வாரோ!

இவ்வளவும் புலவர்க்கு விளையாட்டாகலாம், பிள்ளைகட்கு விளையாட்டன்று. 1990ஆம் ஆண்டின் பின் போரினால் தீவகத்து மக்கள் பெருந்தொகையினர் ஊர்விட்டகன்றனர். அவருட் பலருடைய பேரப்பிள்ளைகள் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் பிறந்து வளர்கின்றனர். அவர்களுக்கு ஆங்கிலம் காதால் வந்த மொழி; தமிழோ, பலருக்கு, கண்ணால் வருகின்ற மொழி. நமக்கு வில்லும் அணியமும் தந்த திகைப்பை அவர்களுக்குப் பாவமும் பலமும் தருகின்றன. சார்பறிந்து ஒலிக்கவேண்டுமாயின் முன்னரே சொல்லை அறிந்திருத்தல் வேண்டும். அவர்களோ சொல்லை அறிவதற்காகவே வாசிக்கின்றனர். 'தமிழை எழுதியவாறே வாசி' என்று ஆசிரியர் கூறியதை நம்பி அவ்வாறே வாசித்த பிள்ளையைப் பார்த்து வீட்டார் நகைப்பாராயின், பிழை யாருடையது?

இங்கே நம் அகராதிகள் உதவவேண்டும். அகராதித்துறையில் யாழ்ப்பாணத்துக்குப் பழம்பெருமை உண்டு. 1842இல் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. யாழ்ப்பாணத்திலே தொடங்கப்பட்ட சொற்றொகுப்பு வேலையை வின்சுலோ சென்னையில் முடித்து 1862இல் வெளியிட்டார். அவர் வடசொற்களுக்கு உடுக்குறி இட்டார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கன் உறவற்ற பொருள்களுக்குத் தனித்தனித் தலைச்சொல் கொடுத்து வடமொழி மூலத்தையும் காட்டிற்று. ஆயின் அதன் உரோம எழுத்துப்பெயர்ப்பு தமிழெழுத்தைத் தொடர்ந்து செல்வதேயன்றி ஒலியைத் தொடர்வதன்று. இரு பாவங்களும் அங்கே ஒரே எழுத்தாற் பெயர்க்கப்பட்டுள்ளன. வடமொழி அறிந்தார்க்கு மூலமே ஒலியைக் காட்டும், அறியாதார்க்குக் காட்டாது. 1884இலிருந்து பகுதி பகுதியாக வெளிவந்து 1928இல் நிறைவெய்திய ஒக்ஸ்போர்ட் பேரகராதியோ ஒவ்வொரு தலைச்சொல்லின் அருகும் ஒலிப்பைக் குறித்தது. பழிக்கப்படும் ஆங்கிலம் தன் குறையை அறிந்து மருந்து தேடியது. புகழப்படும் தமிழ் குறை உண்டென்பதையே ஒப்பவில்லை.

புதிய எழுத்துக்களை ஆக்குக என்று யாம் கூறவில்லை. முப்பது எழுத்தும் அவற்றின் சார்பும் போதும். மாணாக்கர் கையகராதியில் இத்தகைய சொற்களின் அருகே மட்டும் ஒரு குறிப்பு வேண்டும். பாவம், தீவினை, முதலெழுத்து வல்லொலி. பாவம், மெய்ப்பாடு, முதலெழுத்து மெல்லொலி. பலம், ஒரு நிறை, வல்லொலி. பலம், வலிமை, மெல்லொலி. இவ்வாறு குறிக்கவேண்டிய சொற்கள் சில நூறுக்குள் அடங்கும் என்பது எம் மதிப்பீடு. சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர்களைத் தொகுத்துச் செய்யுளாக்கித் தந்தது. திண்ணைப்பள்ளி மாணாக்கர் அதனை மனனஞ் செய்தனர். ஒலிவேறுபாடு அதில் இல்லை. அக்காலத்து மாணாக்கனுக்கு ஆசிரியர் வாயே அதனைக் கொடுத்தது. தொறொன்ரோவிலுள்ள பிள்ளைக்கு அவ்வாய் கிழமைக்கு ஒருமுறை, சனிக்கிழமை முற்பகலில் மட்டுமே கிடைக்கின்றது.