‘கெட்டுப்போனாள்’ என்னும் வினைமுற்று

பவணந்தியார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். அவையில் கூறத் தகாத சொல்லைத் தொல்காப்பியர் ‘அவையல் கிளவி’ என்றார். ‘கால் கழுவி வந்தேன்’ என்று மாணவன் சொன்னால் நமக்குப் பொருள் விளங்கிவிடுகிறது, யாருக்கும் கேடில்லை. ஆனால் மறைத்துக் கூறுவதனாலேயே ஒருவர்க்குக் கேடு விளையுமாயின், அவ்விடத்தும் இடக்கரடக்கல் தகுதியாகுமா? கொடுமைக்கு உள்ளாகியிருக்கலாம் என்று ஐயுறப்படும் குழந்தையைப் பற்றி நாளேட்டிலும் பள்ளியிலும் வீட்டிலும் நாம் வழங்கும் தமிழை நோக்கும்போது இவ்வினா எழாமற் போகாது.

முதலில் ‘கற்பழிப்பு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். சில ஏடுகள் இதனைக் கைவிட்டுப் ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதத் தொடங்கியது நல்லதே. எனினும் பேச்சில் பழைய சொல் சாகவில்லை. ஆறு வயதுக் குழந்தைக்குக் கற்பு என்பது யாது? அக்குழந்தை ஆண்பிள்ளையாயின் இச்சொல் அவனுக்கு எவ்வாறு பொருந்தும்? பொருந்தாமையினாலேயே ஆண்பிள்ளைக்கு நேர்ந்த கொடுமை நம் பேச்சில் பெயரின்றிக் கிடக்கிறது. அதனினும் பெரிய பழுது ஒன்று உண்டு. அழிந்தது குழந்தையின் உடைமை என்று இச்சொல் கூறிவிடுவதால், மருத்துவரிடம் செல்லும் பெற்றோரும் ‘பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும்?’ என்று கேளாமல் ‘அழிந்துவிட்டதா, இல்லையா?’ என்றே கேட்கின்றனர். கன்னிமை காணும் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று கூறி, அதனை ஒழிக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்தது. சோதனை ஒழியலாம், சொல் ஒழியாதவரை கேள்வி ஒழியாது.

அடுத்தது ‘கெட்டுப்போனாள்’. கெடுத்தான் என்பது பிறவினை. கெட்டாள் என்பது தன்வினை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் நாம் விளக்கும் வேறுபாடு இது. கெடுத்தவன் செய்த வினையை எடுத்து, அவனை வாக்கியத்தினின்றும் நீக்கி, குழந்தையையே எழுவாயாக்கி நிறுத்தும் இவ்வினைமுற்றை இலக்கணம் கற்ற நாமும் கூசாமல் வழங்குகிறோம். செய்தித்தாளின் செயப்பாட்டுவினை இதற்குச் சற்றே மேல். ஆயினும் ‘மாணவி சீரழிக்கப்பட்டாள்’ என்னும் தலைப்பிலும் செய்தவன் இல்லை. அவன் தலைகாட்டும்போது ‘காமக் கொடூரன்’ என்னும் கோலத்தில் வருகிறான். உண்மையிலோ, இக்கொடுமையைச் செய்வோருள் மிகப் பலர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள். உறவினர், அண்டை வீட்டார், நம்பிக்கைக்கு உரியவராய் இருந்தவர். கொடூரனைத் தேடும் கண்ணுக்கு மாமன் தென்படுவதில்லை. ‘சில்மிஷம்’ என்னும் சொல்லைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. அது குறும்பைக் குறிக்கும் சொல், குற்றத்திற்கு ஆகாது.

2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதனையும் வெளியிடலாகாது என்று விதிக்கிறது. பெயரை விடுத்து, தோட்டத்தையும் வகுப்பையும் தந்தையின் தொழிலையும் எழுதினால் என்ன பயன்? முப்பது குடும்பம் வாழும் தோட்டத்தில் பெயர் எதற்கு?

சொல்லுக்கு இத்துணை ஆற்றல் உண்டோ என்று ஐயுறுவோர் மருத்துவ வரலாற்றை நோக்குக. 1946இல் காஃபி என்னும் அமெரிக்க மருத்துவர், தலைக்குள் குருதிக் கசிவும் கைகால் எலும்பு முறிவும் ஒருங்கே கொண்ட ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். கதிர்ப்படம் கண்முன் இருந்தது. அந்நிலைக்குப் பெயர் இல்லை. 1962இல் கெம்ப் என்பாரும் உடனாசிரியர்களும் ‘அடிபட்ட குழந்தையின் நோய்க்குறித் தொகுதி’ என்று பெயரிட்டு எழுதிய பின்னரே மருத்துவ உலகம் விழித்தது. இடையில் பதினாறு ஆண்டுகள் கழிந்தன.

நம் நாட்டில் 1985இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனிக்குழு அமைந்தது. குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர், மருத்துவச் சமூகப் பணியாளர் முதலியோர் கூடிப் பணியாற்றும் குழு அது. 1990இல் இரண்டு வயதைச் சற்றே கடந்த குழந்தையொன்று கொடுமையினால் இறந்தது நாட்டையே உலுக்கியது; மறு ஆண்டே குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1994இல் அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒருங்குதவி நிலையம் தொடங்கிற்று. 1996இல் சுகாதார அமைச்சு அதனைப் பிற அரசு மருத்துவமனைகளுக்கும் விரிக்கப் பணித்தது. குழந்தை அலைக்கழிக்கப்படாமல் மருத்துவர், காவல்துறையினர், சமூகநல இலாகாவின் பாதுகாவலர் ஆகியோர் அதனிடம் வருதலே இந்நிலையத்தின் நோக்கம்.

1985ஆம் ஆண்டுக் குழுவின் ஆங்கிலப் பெயரில் தலைச்சொல் ‘ஐயுறப்பட்ட’ என்பது. ‘குழந்தை வதைத் தடுப்புக் குழு’ என்று தமிழாக்கினால் உயிரான அச்சொல் விடுபட்டுப்போகும். ஐயம் போதும் என்பதே அப்பெயரின் பொருள். மெய்ப்பித்தல் ஆசிரியரின் வேலையன்று. ஐயமும் ஒரு பக்கமே சாய்வதன்று. உடலெங்கும் கன்றிய தழும்போடு வரும் பிள்ளைக்குக் குருதி உறையாமை நோய் உண்டா என்பதையும் மருத்துவர் சோதிக்கிறார். குற்றமற்ற பெற்றோர் அதனால் காக்கப்படுகின்றனர். ‘வீண்பழி வந்துவிடுமே’ என்று வாய் மூடும் தலைமையாசிரியர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின்படி, அறிந்தும் தகவல் தராதவர்க்கு 5,000 ரிங்கிட் வரை தண்டம் உண்டு என்பதையும் எண்ணலாம்.

மருத்துவச் சோதனையின் முடிவைப் பெயர்ப்பதிலும் ஒரு பெரும்பிழை நேர்கிறது. ‘காயம் காணப்படவில்லை’ என்று மருத்துவர் எழுதியதை ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று பெற்றோர்க்குச் சொல்லிவிடுகின்றனர். பாலியல் கொடுமைக்கு உள்ளான குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு உடலில் அடையாளமே இராது. இருப்பினும் விரைவில் ஆறிவிடும். எனவே, உடல் பேசாதபோது குழந்தையின் சொல்லே பெருஞ்சான்று. அச்சொல் முதலில் யாரிடம் வருகிறது? பல வேளை வகுப்பாசிரியையிடம் வருகிறது.

இங்கேதான் நம் இலக்கணம் உதவிக்கு வருகிறது. நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுமாறு தேர்வுதோறும் பயிற்சி தருகிறோம். குழந்தை, ‘மாமா என்னைத் தொட்டாரு, யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு’ என்று கூறியதாகக் கொள்வோம். நம் அறிக்கையில் அது, ‘மாணவியிடம் உறவினர் ஒருவர் முறைகேடாக நடந்துகொண்டதாகத் தெரியவருகிறது’ என்று ஆகிவிடுகிறது. நடை செம்மையானதுதான். ஆனால் தொட்டதும் போயிற்று, மிரட்டியதும் போயிற்று, மாமாவும் போய்விட்டார். மருத்துவக் குறிப்பேட்டுக்கு வேண்டியது நேர்கூற்று, கொச்சை நீங்காத நேர்கூற்று.

வினாவும் அவ்வாறே. நன்னூல் வினாவை ஆறாக்கியது. நாமோ வகுப்பில் நாள் முழுதும் வழங்குவது அறிவினா. விடையை நம் கையில் வைத்துக்கொண்டு கேட்பது. அப்பழக்கத்தில் ‘அவன்தானே உன்னைத் தொட்டான்?’ என்று கேட்டுவிட்டால், ஆசிரியர் விரும்பும் விடையைத் தரப் பழகிய பிள்ளை ஆமென்று தலையசைக்கும். பின்னர் வழக்குமன்றத்தில் அந்தச் சான்று தளர்ந்துபோகும். ‘வீட்டிலா, வெளியிலா?’ என்னும் ஐயவினாவும் ஆகாது, உண்மை இரண்டிலும் இல்லாதிருக்கலாம். வேண்டியது அறியா வினா ஒன்றே. ‘பிறகு என்ன நடந்தது?’ என்று கேட்டுவிட்டு வாளாவிருத்தல் வேண்டும். விரிவாக உசாவுதல் அதற்கெனப் பயிற்சி பெற்றோர் தொழில். குழந்தை ஒரே கதையைப் பத்துப் பேரிடம் சொல்ல நேரலாகாது என்பதற்காகவே 2007ஆம் ஆண்டுக் குழந்தைச் சாட்சியச் சட்டம் ஒளிப்பதிவு செய்த வாக்குமூலத்தை ஏற்றது. நான் பயிற்சி பெற்ற நாளில் பாடக்குறிப்பு எழுதக் கற்பித்தனர். கரும்பலகையில் கோணாமல் எழுதக் கற்பித்தனர். இப்படிக் கேட்கக் கற்பித்தார் ஒருவரும் இலர்.

தோட்டப்புறத்தில் நேர்வது யாது? செய்தி முதலில் பெரியவரிடம் செல்லும். பிறகு கோயில் தலைவரிடம். பிறகு இரு வீட்டாரும் கூடிப் பேசுவர். பிள்ளையைக் குளிப்பாட்டி உடுப்பைத் துவைத்துவிடுவர். தடயம் எடுப்பதற்கு மருத்துவர்கள் பொதுவாக 72 மணி நேரத்தை எல்லையாகக் கொள்கின்றனர், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் அதற்குள் தொடங்கப்பட வேண்டும். ‘மானம் போய்விடும்’ என்று பேசிப் பேசியே மூன்று நாளும் கழிகின்றன. காலம் கடந்துவிட்டாலும் போகாமல் இருத்தல் கூடாது. நோய்க்கும் மனத்துயருக்கும் அங்கே உதவி உண்டு. மருத்துவமனை தொலைவாயின் 15999 என்னும் அன்புத் தொலைபேசி இரவு பகலாக இயங்குகிறது.

நலக்கல்விப் பாடத்தில் உடலுறுப்புகள் வரும் பக்கத்தை விரைந்து புரட்டும் ஆசிரியர்கள் நம்மிடையே உளர். கையும் காலும் போல அவற்றிற்கும் பெயருண்டு என்று கல்லாத குழந்தை, வீட்டுச் செல்லப் பெயரையே மருத்துவரிடமும் சொல்லும். மலாயும் ஆங்கிலமுமே அறிந்த மருத்துவர்க்கு அது விளங்குமா? உடனிருக்கும் தமிழ்த் தாதிக்கும் விளங்காமற் போகலாம். செல்லப் பெயர் வீட்டுக்கு வீடு வேறு.

ஆகவே அறிக்கை எழுதுவோர் நாளும் மணியும் குறித்து, தாம் கேட்ட வினாவையும் குறித்து, குழந்தை சொன்னதைச் சொன்னபடியே தமிழ் எழுத்தில் முதலில் எழுதுக. செல்லப் பெயர் வந்திருப்பின், குழந்தை அதனால் எவ்வுறுப்பைச் சுட்டியது என்பதைப் பக்கத்தில் குறித்திடுக. மலாய்ப் பெயர்ப்பு அதன் கீழே வரட்டும். பெயர்ப்பை மட்டும் அனுப்பி மூலத்தைக் கிழித்துவிட்டால், பிறகு அதனை எங்கும் தேடிப் பெற இயலாது.