இணைய நோக்குநூல்களும் நம் மாணாக்கரும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பின்னிணைப்பாகவும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, நம் தோட்டப்புறப் பள்ளிகளுள் எத்தனையில் இருந்தது? இன்றோ சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின்னகராதித் திரட்டில் அதனை எவரும் விலையின்றி நோக்கலாம். இணையம் நமக்கு அளித்துள்ள இப்பேற்றினை மறுத்துரைப்பார் இலர். ஆயினும், மாணாக்கர்தம் கட்டுரைகளின் இறுதியில் ‘மூலம்: இணையம்’ எனக் காணுந்தோறும் நெஞ்சம் துணுக்குறுகின்றது. ‘மூலம்: நூலகம்’ என்று எழுதினால் ஏற்போமா? ஏற்றுக்கொண்டு மதிப்பெண் வழங்கும் ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு.

நோக்குநூல் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இயல்புடையது. பேரகராதி பொருள் தருவதோடு, அப்பொருளில் அச்சொல் எந்நூலில் ஆளப்பட்டது என்பதனையும் பல இடங்களிற் சுட்டும். மாணாக்கர் முதற்பொருளை மட்டும் பெயர்த்தெழுதிவிட்டு, அச்சுட்டினைக் கண்ணெடுத்தும் பாரார். அவ்வகராதியின் உயிரே அதுதான்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் இயல்பு வேறு. அதனைப் பலரும் எழுதலாம்; பலரும் திருத்தலாம். ஆகவே நம்பத்தகாதது என ஒருசாராரும், அதுவே போதும் என மறுசாராரும் கூறுவர். இரண்டும் மிகையே. கட்டுரையின் அடியிலுள்ள சான்றுகளையும், திருத்தங்களைக் காட்டும் வரலாற்றுப் பக்கத்தினையும் பார்த்தபின் முடிவு செய்வதே முறை. அறிவியற் பாடத்தில் இன்னுமொரு சிக்கல் உண்டு. நம் பள்ளிகளில் ‘உயிர்வளி’ என வழங்குவது தமிழகத்தில் ‘ஆக்சிஜன்’ ஆகின்றது. இலங்கையில் ‘ஒட்சிசன்’ ஆகின்றது. இணையத்தில் இம்மூன்றும் கலந்தே கிடக்கின்றன. இவை ஒரே பொருளின் பெயர்கள் என முன்கூட்டி உணர்த்தாவிடின், மூன்று வளிகள் உள்ளனவென மாணாக்கர் மயங்குவர். ஒரு சொல்லை மட்டும் தேடினால் ஏனைய இரு சொற்களின் கீழுள்ள செய்திகளையும் இழப்பர்.

இலக்கியத்திற்கு மதுரைத் திட்டம் உண்டு. 1998இல் தொடங்கிய அத்தன்னார்வப் பணி போற்றத்தக்கது. ஆனால் பழம்பனுவல்களுக்குப் பாடவேறுபாடுகள் மிகுதி. எந்தப் பதிப்பினைக் கொண்டு தட்டச்சிட்டனர் என்பதனை நோக்காது மேற்கோள் காட்டுதல், உ.வே.சாமிநாதையர் போன்றோர் அடிக்குறிப்புகளில் பாடவேறுபாடுகளைத் தொகுத்தளித்த உழைப்பினைப் புறக்கணிப்பதாகும்.

இவற்றினும் என்னை மிக வருத்துவது நம் மண்ணைப் பற்றிய தேடல். ‘கங்காணி’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அகராதி, மேற்பார்வையாளன் எனப் பொருள் தரும். அவன் தன் ஊருக்கே சென்று உறவினரையும் ஊராரையும் மலாயாத் தோட்டங்களுக்கு அழைத்துவந்ததும், ஆள்வீதம் தலைக்காசு பெற்றதும், 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்பீட்டைத் தடைசெய்தபின் அம்முறை முடிவுற்றதும் அகராதியின் எல்லைக்குள் அடங்கா. அவற்றிற்கு வரலாற்று நூல்களை நாட வேண்டும். அக்காலத் தமிழர் என்ன பேசினர், எதற்காகக் குரலெழுப்பினர் என அறிய வேண்டின், நாளேடுகளே துணை. கோ.சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்திரட்டில் உள்ளன. தேடுபொறியில் ஒரு சொல்லைத் தட்டிவிட்டு, இரண்டு வரி கிடைத்ததும் ‘நம்மைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை’ என எழுந்துவிடும் மாணவனை, ஆண்டும் திங்களும் குறித்துக் கொடுத்து அப்பக்கங்களின்முன் அமரச் செய்தல் வேண்டும். விளம்பரங்களையும் இரங்கற் செய்திகளையும்கூட அவன் விடாமற் படிக்கட்டும். தன் பாட்டனாரின் தோட்டத்துப் பெயர் அங்கே தென்படவும் கூடும்.