இரட்சணிய யாத்திரிகம்: கூலியும் கொடையும்

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளைக்குக் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று பட்டம் கொடுத்ததோடு தமிழ் விமர்சனம் தன் கடமையை முடித்துக்கொண்டது. பட்டம் கொடுத்துவிட்டால் படிக்க வேண்டியதில்லை. 1894இல் வந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடப்புத்தகத்தில் சில விருத்தங்களாகவும், இலக்கிய வரலாறுகளில் ‘பனியனின் தழுவல்’ என்ற ஒற்றை வாக்கியமாகவும் ஒதுங்கிக் கிடக்கிறது. தழுவியவர் எதைக் கூட்டினார், ஏன் கூட்டினார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்தக் கதையைக் காவியமாக்குவதில் அடிப்படையான சங்கடம் ஒன்று உண்டு. காவிய நாயகன் செய்கிறவன். வில்லை ஒடிப்பான், கடலைக் கடப்பான். புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்தின் ஆதார நம்பிக்கையோ, மீட்பு மனிதன் செய்து ஈட்டுவதல்ல, தேவன் தருவது என்பது. கூலியல்ல, கொடை. அப்படியானால் யாத்திரிகன் நடப்பது எதற்கு? ஜான் பனியன் 1678இல் இதை ஒரு காட்சியில் தீர்த்துவிட்டார். சிலுவைக்கு முன் வந்ததும் முதுகுச் சுமை தானாகக் கழன்று உருள்கிறது, அவன் அவிழ்க்கவில்லை. பிறகும் நடக்கிறான். அது பெற்றுக்கொண்டவனின் நடை.

கிருஷ்ண பிள்ளைக்கு இந்தக் கருத்து புதிதாக இருந்திருக்க முடியாது. 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். தாயைக் குரங்குக்குட்டி பற்றிக்கொள்ள வேண்டுமா, பூனைக்குட்டியைப் போலத் தாயே கவ்விக்கொண்டு போவாளா என்று வைணவர்கள் நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். நான் இருக்கும் ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் கொண்டிருப்பவர் பூவராகர். வராகர் பூமிப்பிராட்டிக்குச் சொன்னதாக ஓதப்படும் சரம சுலோகம் இந்த வாதத்தின் எல்லைக்கே போகிறது. நல்ல நினைவோடு இருக்கையில் ஒருவன் நினைத்திருந்தால் போதும்; கட்டையாய், கல்லாய்க் கிடக்கும் கடைசி நேரத்தில் அவனை நான் நினைத்துக்கொள்வேன் என்பது அதன் கருத்து. நீரில் அமிழ்ந்த பூமி நீந்திக் கரையேறவில்லை, தூக்கப்பட்டது.

பின் ஏன் மதம் மாறினார் என்பது விமர்சகனின் கேள்வியல்ல. காவியத்துக்குள் தெரிவதைச் சொல்கிறேன். பனியன் சுருக்கமாகக் கடந்துபோன சிலுவையை, இவர் விசாரணை, நிந்தை, மரணம் என்று கிறிஸ்துவின் பாடுகளாக விரித்தார். கொடை பெறுகிறவனுக்குத்தான் இலவசம், கொடுத்தவனுக்கல்ல என்பதை அவர் சொல்லியாக வேண்டியிருந்தது. வராகர் அசுரனை வென்று பூமியை மீட்கிறார். இங்கே மீட்பவன் தோற்றவனைப்போல் நின்று உயிரை விலையாகத் தருகிறான்.

இந்த வேறுபாடு அவருடைய மொழியையே மாற்றுகிறது. ஐந்து பருவங்களிலும் வருணனை வரும்போதெல்லாம் கம்பனிடம் கடன் வாங்கிய ஓசை தூக்கலாகக் கேட்கிறது. பாடுகளில் கவி பேச வேண்டியிருப்பது, அடிபட்டும் வாய் திறவாத ஒருவனைப் பற்றி. அங்கே அலங்காரம் அடங்குகிறது. இடையிடையே தேவாரம் என்று சைவப் பெயர் சூட்டிய இசைப்பாடல்களில் காவியகர்த்தாவே காணாமல்போய், கையேந்தியவனின் குரல் மட்டும் மிஞ்சுகிறது.

குறையும் இங்கேதான். அந்தக் குரலை அவர் முழுக்க நம்பவில்லை. பாட்டு முடிந்ததும் படலத்துக்குத் திரும்பி, 3,700க்கு மேற்பட்ட செய்யுள்களைச் சேர்த்துவிடுகிறார். மீட்பைக் கொடை என்று ஏற்றவர், கவிதையை மட்டும் உழைத்து ஈட்டும் கூலியாகவே கருதியிருக்கிறார். கம்பர் பட்டம் அந்த உழைப்புக்குக் கிடைத்தது. பட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தத் தேவாரங்களிலிருந்து அவரைப் படிக்கத் தொடங்கலாம்.