கேட்போர் எங்கே? தொடக்கக்கால ஹிப் ஹாப் இரவுகளும் அவற்றின் இன்றைய கொண்டாட்டமும்

முன்னுரை

ஹிப் ஹாப் கலையின் முதற்காலத்தை ‘ஓல்ட் ஸ்கூல்’ என்று சுட்டுவது வழக்கம். நியூயார்க் நகரின் பிராங்ஸ் வட்டாரத்தில் 1973ஆம் ஆண்டு தொடங்கி 1980களின் தொடக்கம் வரை வளர்ந்த இசை, ஆட்டம், சொல்லிசை ஆகியவற்றை இப்பெயர் குறிக்கும். இன்று உலகின் பல நகரங்களில் நண்பர்கள் ஒன்றுகூடி அக்காலத்தைக் கொண்டாடும் இரவுகளை நடத்துகின்றனர். பழைய இசைத்தட்டுகள் சுழல்கின்றன. அக்கால உடைகள் மீண்டும் உடுத்தப்படுகின்றன. மனப்பாடமாகிவிட்ட வரிகளை அனைவரும் சேர்ந்து பாடுகின்றனர். இவ்விரவுகள் எதனைக் கொண்டாடுகின்றன, எதனை விட்டுவிடுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம் என்னும் நான்கும் இவ்வாய்வுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. தொல்காப்பியர் சுட்டும் கேட்போர் செய்யுளுக்குள் இடம்பெறும் மாந்தர் ஆவர். இக்கட்டுரை அச்சொல்லை நிகழ்த்துகலையின் முன்நிற்கும் கூட்டத்திற்கும் விரித்துக் கொள்கிறது. கேட்போரும் படைப்பின் ஓர் உறுப்பு என்னும் கருத்து, எழுத்தையும் பதிவையும் மட்டுமே படைப்பெனக் கொள்ளும் திறனாய்வுக்கு எட்டாத ஒன்றை விளக்க உதவும்.

களன்

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் இரவு, செட்ஜ்விக் அவென்யூவின் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்த பொழுதுபோக்கு அறையில் ஒரு விருந்து நடந்தது. அதனை ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்பெல் என்னும் இளம்பெண். பள்ளி மீண்டும் திறக்கும் முன்னர்ப் புதிய உடை வாங்கப் பணம் திரட்டுவதே அவரது எண்ணம். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 காசு, ஆண்களுக்கு 50 காசு. இசைத்தட்டுகளை இயக்கியவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்பெல். கலையுலகில் கூல் ஹெர்க் என்று அறியப்படுபவர். யமைக்காவில் பிறந்து 1967இல் பிராங்ஸுக்குக் குடிபெயர்ந்தவர் அவர்.

அக்காலப் பிராங்ஸ் சிதைந்துகொண்டிருந்த ஒரு வட்டாரம். 1948 முதல் 1972 வரை கட்டப்பட்ட குறுக்கு பிராங்ஸ் விரைவுச்சாலை அங்கிருந்த குடியிருப்புகளைப் பிளந்தது; தொழில்கள் வெளியேறின; கட்டடங்கள் எரிந்தன; இளைஞர் குண்டர் குழுக்கள் தெருக்களைப் பங்கிட்டுக் கொண்டன. 1971 டிசம்பரில் சமாதானம் பேசச் சென்ற இளைஞர் ஒருவர் கொல்லப்பட்ட பின்னர், ஹோ அவென்யூவில் குழுக்கள் கூடிப் போர்நிறுத்தம் செய்துகொண்டன. அதற்கு முன்னர் எல்லை தாண்டிச் செல்ல அஞ்சிய இளைஞர்கள் பின்னர் ஓர் அறையில் கூட முடிந்தது. ஆகவே அவர்களுக்கு ஓர் இரவு வெளியே செல்வது என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. அச்சமின்றிக் கூடும் உரிமையை மீட்டெடுக்கும் செயலாகவும் அது அமைந்தது. அறையிலிருந்து இவ்விருந்துகள் பூங்காக்களுக்குப் பரவியபோது, தெருவிளக்குக் கம்பங்களிலிருந்து மின்சாரம் எடுத்து ஒலிபெருக்கிகளை இயக்கினர். களனை அவர்களே உருவாக்கிக் கொண்டனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

காலம்

கூல் ஹெர்க்கின் பங்களிப்பு, கேட்போரை உற்று நோக்கியதில் பிறந்தது. ஒரு பாடலில் குரலும் பிற கருவிகளும் ஓய்ந்து, தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதிக்காகவே ஆடுவோர் காத்திருந்தனர் என்பதை அவர் கண்டார். ‘பிரேக்’ எனப்படும் அப்பகுதி சில நொடிகளே நீடிக்கும். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றொன்றில் அதனைத் தொடங்கி நீட்டிக்கும் முறையை அவர் கையாண்டார். ஜேம்ஸ் பிரவுனின் பாடல்களும், இன்கிரெடிபிள் போங்கோ பேண்டின் ‘அப்பாச்சி’யும் இவ்வாறு புதுவடிவம் பெற்றன.

பார்படோஸில் பிறந்த கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் இம்முறையைத் துல்லியமாக்கினார். தட்டின் மேல் வண்ண மெழுகுக்கோலால் அடையாளமிட்டு, வேண்டிய இடத்தை நொடியில் கண்டறிந்து தாளம் பிசகாமல் இணைத்தார். கிராண்ட் விசார்ட் தியடோர் தட்டை ஊசியின் கீழ் முன்னும் பின்னும் உரசி எழுப்பிய ஒலி ‘ஸ்கிராட்ச்’ எனத் தனிக்கூறாயிற்று. திரிசியா ரோஸ் 1994இல் வெளியிட்ட ‘பிளாக் நாய்ஸ்’ என்னும் நூலில் ஓட்டம், அடுக்கு, முறிவு ஆகிய மூன்றையும் ஹிப் ஹாப்பின் அடிப்படைப் பண்புகளாகக் கொண்டார். அம்மூன்றும் சுழல்மேடையில் காலத்தைக் கையாண்ட இத்திறனிலேயே தொடங்குகின்றன எனலாம். எவ்வளவு நேரம் நீட்டுவது என்பதை முடிவு செய்தது இசைத்தட்டு அன்று. ஆடுவோரின் கால்களே முடிவு செய்தன.

கூற்று

ஹெர்க்கின் நண்பர் கோக் லா ராக் ஒலிவாங்கியில் முதலில் சொன்னவை கூட்டத்தில் நின்ற நண்பர்களின் பெயர்களே. இச்செய்தி சிறிதாகத் தோன்றினும் பொருள் மிக்கது. செய்தித்தாள்களில் குற்றச்செய்தியாகவும் புள்ளிவிவரமாகவும் மட்டுமே இடம்பெற்ற ஒரு வட்டாரத்தின் இளைஞன், நூறு பேர் முன்னிலையில் தன் பெயர் உரக்க ஒலிக்கக் கேட்கிறான். சொல்லிசையின் முதற்செய்கை ஒருவரை அறிந்தேற்பதாக இருந்தது. பெயர் கூறுதல் சிறு எதுகைத் தொடர்களாகவும், பின்னர் நெடிய அடிகளாகவும் விரிந்தது. கவ்பாய், மெலி மெல் முதலிய பிளாஷ் குழுவினர் அடிகளைத் தமக்குள் பங்கிட்டுச் சொல்லும் முறையை வளர்த்தனர்.

கேட்போர்

கூட்டம் கைதட்டுவதற்காக மட்டும் நிற்கவில்லை. அது தீர்ப்பும் வழங்கியது. 1981 டிசம்பரில் ஹார்லெம் வேர்ல்டு அரங்கில் பிசி பீக்கும் கூல் மோ டீக்கும் இடையே நிகழ்ந்த சொற்போர் இதற்குச் சான்றாகும். கூட்டத்தை வினவி விடைபெறச் செய்து மகிழ்விப்பதில் பிசி பீ வல்லவர். மோ டீ அந்த எளிய உத்தியையே குறிவைத்து, அடர்ந்த எதுகையும் கூரிய எள்ளலும் கொண்ட அடிகளால் தாக்கினார். தம்மை மகிழ்வித்து வந்தவரைக் கைவிட்டுக் கூட்டம் மோ டீயின் பக்கம் சாய்ந்தது. கேட்போர் எளிதில் மயங்கும் திரள் என்னும் கருத்தை இந்நிகழ்ச்சி மறுக்கிறது. சுவை மாற்றத்தை அரங்கிலேயே உணர்ந்து ஏற்ற திறனாய்வாளராக அவர்கள் விளங்கினர். இந்நிகழ்ச்சியின் ஒலிநாடா கைமாறிப் பரவியது. அதில் சொல்வோரின் குரலோடு கூட்டத்தின் ஆரவாரமும் பதிவாகியிருப்பதால் தீர்ப்பு உருவாகும் நேரத்தை நாம் இன்றும் கேட்க முடிகிறது.

பதிவும் இழப்பும்

1979இல் வெளிவந்த சுகர்ஹில் கேங்கின் ‘ராப்பர்ஸ் டிலைட்’ இக்கலையை உலகறியச் செய்தது. நியூஜெர்சியில் சில்வியா ராபின்சன் திரட்டிய மூவர் அதனைப் பாடினர். ‘ஷிக்’ குழுவின் ‘குட் டைம்ஸ்’ இசையை இசைக்குழுவினர் மீண்டும் வாசித்தனர். அதுவரை இக்கலையின் நடுவில் நின்ற இசைத்தட்டு இயக்குநருக்கு அதில் இடமில்லை. அதன் நெடும்பதிப்பு 14 நிமிடத்திற்கும் மேல் ஓடுகிறது எனினும், எவருடைய கால்களும் அதன் நீளத்தை முடிவு செய்யவில்லை.

மூவருள் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க் சொன்ன அடிகள் பிராங்ஸ் கலைஞர் கிராண்ட்மாஸ்டர் கேஸுக்கு உரியவை. கேஸின் பழைய புனைபெயரின் எழுத்துகள்கூட அப்பாடலில் அப்படியே இடம்பெற்றுள்ளன. இசையைப் பயன்படுத்தியதற்காக ‘ஷிக்’ குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்டு எட்வர்ட்ஸும் சட்ட நடவடிக்கைக்கு முனைந்தபோது, அவர்களது பெயர்கள் படைப்பாளர் வரிசையில் சேர்க்கப்பட்டன. கேஸின் பெயர் அவ்வாறு சேரவில்லை. தட்டில் பதிவானதற்கு உரிமையாளர் உண்டு. கூட்டத்தின் முன் சொல்லி வளர்த்ததற்கு இல்லை. வாய்மொழிப் படைப்பு பதிவுலகிற்குள் நுழையும்போது நேரும் அநீதியை இவ்வேறுபாடு தெளிவாகக் காட்டுகிறது. விருந்துகளில் எவருடைய அடி எது என்பதைக் கூட்டம் அறிந்திருந்தது. கேட்போரின் நினைவே அங்கு உரிமைப் பத்திரமாக இருந்தது. பதிவில் அந்நினைவுக்கு மதிப்பில்லை.

எனினும் பதிவை முற்றாகப் பழிப்பது முறையன்று. பதிவு இல்லையேல் இக்கலை கடல் கடந்திருக்காது. மலேசியாவின் பொயெட்டிக் அம்மோ குழு 1998இல் தன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அக்குழுவைச் சேர்ந்த யோகி பி, நட்சத்ரா குழுவினருடன் இணைந்து 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைத் தந்தார். 1980இல் ‘நிழல்கள்’ படத்திற்காக இளையராஜா அமைத்த ‘மடை திறந்து’ பாடல் அதில் தமிழ்ச் சொல்லிசையாக மறுவார்ப்புப் பெற்றது. தம் கேட்போரின் நினைவில் ஏற்கெனவே வாழும் ஒரு பாடலை எடுத்து, அதன் மேல் புதிய கூற்றை ஏற்றும் முறை பிராங்ஸ் விருந்துகளின் அடிப்படை முறையே ஆகும். தட்டின் வழியாக வந்த விதை, தமிழ்க் கேட்போரின் நினைவு என்னும் மண்ணில் வேரூன்றியது.

கொண்டாட்டத்தின் தகுதி

2023 ஆகஸ்டு 11இல் ஹிப் ஹாப்பின் 50ஆம் ஆண்டு நிறைவு பிராங்ஸில் உள்ள யாங்கி விளையாட்டரங்கில் கொண்டாடப்பட்டது. புறக்கணிக்கப்பட்ட ஒரு வட்டாரம் தன் பிள்ளைகளின் படைப்பை அங்கேயே போற்றியது நியாயமானது. ஆயினும் சிற்றறையில் நின்றவர்கள் ஆட்டத்தாலும் விடைக்குரலாலும் இசையை மாற்ற வல்லவர்கள். அரங்கின் இருக்கைகளில் இருந்தவர்கள் முடிவான பாடல்களைக் காண வந்தவர்கள். நண்பர்கள் நடத்தும் சிறிய இரவுகள் இவ்வகையில் பேரரங்கைவிட வாய்ப்பு மிக்கவை. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தாமல் பழைய வரிகளைச் சேர்ந்து பாடுவதோடு நின்றுவிடும் இரவு, மூலக்கலையின் ஒலியைக் காத்து அதன் உறவைக் கைவிடுகிறது.

நினைவுகூர்தல் வாழ்வோருக்குப் பயன்படக்கூடும் என்பதற்கு அச்செட்ஜ்விக் கட்டடமே சான்று. 2007இல் நியூயார்க் மாநிலம் அதனை ஹிப் ஹாப்பின் பிறப்பிடமாக ஏற்றது. அக்காலத்தில் கட்டடம் குறைந்த வாடகைத் திட்டத்திலிருந்து விலக்கப்படும் நிலை எழுந்தபோது, குடியிருப்போர் அதனை எதிர்த்துப் போராடினர். கூல் ஹெர்க் அவர்களுக்குத் துணைநின்றார். ஓர் இரவின் நினைவு, அங்கு இன்று வாழ்வோரின் வீட்டைக் காக்கும் வாதமாக மாறியது. இதுவே சிறந்த கொண்டாட்டம் எனத் துணியலாம்.

முடிவுரை

களன், காலம், கூற்று ஆகிய மூன்றையும் ஓரளவு மீட்டமைக்க இயலும். அறை கிடைக்கும், தட்டுகள் கிடைக்கும், வரிகள் நினைவில் உள்ளன. நான்காம் உறுப்பாகிய கேட்போரை விலைக்கு வாங்க இயலாது. புதியவர் ஒருவர் வட்டத்திற்குள் வந்து தன் அடியைச் சொல்லவும், கூட்டம் அதனை ஏற்கவோ மறுக்கவோ உரிமை பெறவும் இடமளிக்கும் இரவே அத்தொடக்கக்காலத்திற்கு உண்மையாக நடந்துகொள்கிறது.

நாட்டுப்புறப் பாடலையும் தெருக்கூத்தையும் அச்சிட்ட பக்கத்திலிருந்து கற்பிக்கும் தமிழாசிரியர்க்கும் இவ்வினா பொருந்தும். பாடம் நம்மிடம் உள்ளது. அதனைக் கேட்டு, மறுத்து, திருத்தி வளர்த்தவர்களை வகுப்பறையில் எவ்வாறு மீண்டும் உருவாக்குவது என்பது இனி ஆய்வாளரும் ஆசிரியரும் இணைந்து சிந்திக்க வேண்டிய பொருளாகும்.